குழந்தைக்கு எந்த வண்டி? – தாத்தா போட்ட கணக்கு

சென்ற ஆண்டுக்கு முந்தைய மார்கழியில் ஒரு மாலை. தில்லி மயூர் விஹாரில் எங்கள் வீட்டருகே கூடும் வாரச் சந்தைக்கு நானும் என் மனைவியும் போயிருந்தோம். ஏழு மாதப் பேரன் அவனுடைய தள்ளுவண்டியில் தூங்கிக்கொண்டு வந்தான். தூக்கம் கலையக்கூடாதே என்று சாய்மானத்தை நன்றாகப் பின்னால் சாய்த்திருந்தேன். உருளைக்கிழங்கு, வெங்காயம், காலிஃபிளவர், ஒரு சிறு பூசணிக்காய் எல்லாவற்றையும் இரண்டு பைகளில் போட்டு வண்டியின் கைப்பிடியில் மாட்டினேன். கொத்தமல்லிக்காரரிடம் காசு கொடுக்கக் கைப்பிடியை விட்டதுதான் தாமதம், வண்டி முன்சக்கரங்களைத் தூக்கிக்கொண்டு பின்பக்கமாகச் சாய்ந்து விழுந்தது.

குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. கிளம்பும்போதே "பெல்ட்டைப் போடுங்கோ" என்று மனைவி இரண்டு முறை சொல்லிப் போட வைத்திருந்தாள். அந்தப் பெல்ட் பிள்ளையைப் பிடித்துக்கொண்டது. வண்டியின் கூரை தரையில் மோதித் தாங்கிக்கொண்டது. அவன் அழுது ஓய்ந்த பிறகு மனைவி கேட்ட கேள்வி இன்னும் காதில் இருக்கிறது: "முப்பத்தஞ்சு வருஷம் ரயில் பெட்டி பார்த்தவருக்கு, இது கவிழும்னு தெரியலையா?"

தெரிந்திருக்க வேண்டும். சரக்குப் பெட்டியில் பாரம் ஒரு பக்கமாகக் குவிந்தால் என்ன ஆகும் என்பதைப் பிறருக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். அன்று இரவே டேப்பும் தராசும் எடுத்து உட்கார்ந்தேன். அதன் பிறகு குழந்தை வண்டிகளைப் பற்றி நான் தெரிந்துகொண்டதையும், கணக்குப் போட்டுப் பார்த்ததையும் நம் சங்கத்துக் குடும்பங்களுக்குப் பயன்படுமே என்று இங்கே எழுதுகிறேன்.

வண்டி எதற்கு?

"நாங்க எல்லாம் வண்டியிலா வளர்ந்தோம்?" என்று கேட்கும் பெரியவர்கள் நம்மில் உண்டு. நியாயமான கேள்விதான். ஊரில் தூளி இருந்தது. அதைவிட முக்கியமாக, இடுப்புகள் இருந்தன. பாட்டி, அத்தை, சித்தி, பக்கத்து வீட்டு அக்கா என்று ஒரு நாளில் குழந்தை ஆறு இடுப்பு மாறும். நடை பழக மரத்தில் செய்த நடைவண்டி போதும்.

இங்கே நிலைமை வேறு. மாப்பிள்ளை காலையில் போனால் இரவு வருகிறார். மூன்றாம் மாடி ஃபிளாட்டில் தாயும் பிள்ளையும் மட்டும். பேச்சுத் துணைக்கு ஆள் இல்லை. மொழியும் பாதிதான் வருகிறது. அப்படிப்பட்ட பெண்ணுக்கு வண்டி என்பது ஆடம்பரம் இல்லை, வெளியே போக ஒரு வழி. பூங்காவுக்குப் போனால் நான்கு தாய்மார்களைப் பார்க்கலாம். காய்கறிக் கடைக்கு யாரையும் எதிர்பாராமல் போய் வரலாம். ஆகவே, "எந்த வண்டி நல்லது?" என்று கேட்பதைவிட, "எந்த வண்டி இருந்தால் இந்தத் தாய் தினமும் வெளியே போவாள்?" என்று கேட்பதே சரி. விலை உயர்ந்த வண்டி பால்கனியில் பழைய செய்தித்தாள்களைச் சுமந்துகொண்டு நிற்பதைப் பல வீடுகளில் பார்த்துவிட்டேன்.

மூன்று பெயர்கள், மூன்று வண்டிகள்

நம் ஊர்க் கடைகளில் எல்லாவற்றையும் பிராம் அல்லது ஸ்ட்ரோலர் என்று ஒரே பெயரில் விற்கிறார்கள். உண்மையில் இவை மூன்று வகை.

முதலாவது பிராம். குழந்தை தட்டையாகப் படுத்துக்கொண்டு போகும் தொட்டில் வண்டி. முழுப்பெயர் பெராம்புலேட்டர், சுற்றி நடப்பது என்ற பொருள் கொண்ட லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பெரிய சக்கரம், உறுதியான சட்டம். எடை ஏறக்குறைய 10 முதல் 15 கிலோ வரை இருக்கும்.

இரண்டாவது புஷ்சேர். குழந்தை உட்கார்ந்து போவது. சாய்மானத்தைப் பல நிலைகளில் சாய்க்கலாம். எடை 7 முதல் 10 கிலோ வரை.

மூன்றாவது பக்கி. (பெயரைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம். இங்கே கல்யாண ஊர்வலத்தில் மாப்பிள்ளை ஏறி வரும் குதிரை வண்டிக்கும் இதே பெயர்தான்.) குடைபோல மடங்கும் இலேசான வண்டி. பெரும்பாலும் 3 முதல் 6 கிலோ. சிறிய சக்கரம், குறைவான சாய்மானம்.

இவற்றின் வரலாறும் சுவையானது. 1733-ல் இங்கிலாந்தில் டெவன்ஷயர் பிரபுவின் குழந்தைகளுக்காக வில்லியம் கென்ட் என்ற கட்டடக் கலைஞர் சிப்பி வடிவில் ஒரு வண்டி செய்தார். அதைத் தள்ளுவதில்லை, ஆட்டையோ மட்டக்குதிரையையோ பூட்டி இழுக்க வேண்டும். 1889-ல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரைச் சேர்ந்த வில்லியம் ரிச்சர்ட்சன், தொட்டிலைத் திருப்பிப் பொருத்திக் குழந்தை தாயின் முகத்தைப் பார்க்கும்படி அமைத்துக் காப்புரிமை பெற்றார்.

எனக்கு மிகவும் பிடித்தவர் ஓவன் மக்லாரன். இரண்டாம் உலகப்போரில் பறந்த ஸ்பிட்ஃபயர் விமானத்தின் சக்கர அமைப்பில் பணியாற்றிய பொறியாளர். ஓய்வு பெற்றபின், வெளிநாட்டிலிருந்து பேரக் குழந்தையோடு வந்த மகள் கனத்த வண்டியைத் தூக்கிக்கொண்டு திண்டாடியதைப் பார்த்தார். விமானத்தில் சக்கரம் மடங்குகிற உத்தியை நினைவில் வைத்து, அலுமினியக் குழாய்களால் 3 கிலோவுக்கும் குறைவான, குடைபோல மடங்கும் வண்டியை அமைத்தார். 1965-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1967-ல் அது விற்பனைக்கு வந்தது. இன்றைய பக்கிகள் எல்லாம் அதன் வழித்தோன்றல்களே.

வயதுதான் முதல் விதி

பிறந்த குழந்தைக்குக் கழுத்து நிற்காது, முதுகு தாங்காது. உட்கார வைத்தால் தலை முன்னால் தொங்கி மூச்சுப்பாதை நெருக்கப்படலாம். எனவே, தானாக உட்காரும் வரை, அதாவது ஏறக்குறைய ஆறு மாதம் வரை, தட்டையாகவோ மிகவும் சாய்ந்தோ படுக்கும் வண்டிதான் வேண்டும். ஐரோப்பியத் தரமான ஈ.என். 1888, பிறந்த குழந்தைக்கான இருக்கையில் உட்காரும் பகுதிக்கும் முதுகுப் பகுதிக்கும் இடையே 150 பாகைக்குக் குறையாத கோணம் கேட்கிறது. கிட்டத்தட்டப் படுக்கைதான். பக்கிகள் பலவற்றில் இது கிடைக்காது.

காரில் மாட்டும் குழந்தை இருக்கையையே சட்டத்தில் பொருத்தித் தள்ளும் வண்டிகளும் இப்போது வருகின்றன. காரில் குழந்தை இருக்கை அவசியம்தான். ஆனால் அது படுக்கை ஆகாது. வீடு வந்ததும் பிள்ளையை எடுத்துத் தட்டையாகக் கிடத்துங்கள்.

சக்கரக் கணக்கு

இது என் துறை, சற்றுப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு சக்கரம் ஒரு தடையில் ஏற வேண்டுமானால், எவ்வளவு பலம் வேண்டும் என்பது சக்கரத்தின் அளவைப் பொறுத்தது. வழியில் 2 செ.மீ. உயரமுள்ள ஓடு ஒன்று துருத்திக்கொண்டு நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 14 செ.மீ. விட்டமுள்ள பக்கிச் சக்கரத்தை அதன்மேல் தள்ளி ஏற்ற, அந்தச் சக்கரத்தின்மேல் உள்ள பாரத்துக்கு ஏறக்குறைய சமமான பலம் வேண்டும். 30 செ.மீ. சக்கரத்துக்கு அதே பாரத்தில் ஆறு பங்குக்கும் குறைவு போதும் (பத்துக்கு ஆறு). சிறிய சக்கரம் தடுக்கி நிற்பதும், தாய் வேகமாக நடந்து வந்தால் வண்டி முன்னால் குப்புறப் பார்ப்பதும் இதனால்தான்.

இன்னொரு விதி. தடையின் உயரம் சக்கரத்தின் அச்சு உயரத்தை எட்டிவிட்டால், எவ்வளவு பலமாக நேரே தள்ளினாலும் ஏறாது. நடைபாதையின் விளிம்பு 15 செ.மீ.க்கு மேல் போகக்கூடாது என்பது இந்தியச் சாலைகள் காங்கிரஸின் வழிகாட்டி நெறி. அந்த உயரத்துக்கே 30 செ.மீ. சக்கரம் தோற்றுவிடும். நம் தெருக்களில் விளிம்புகள் அதற்கும் மேலே எழுந்து நிற்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே ஏறும்போது கைப்பிடியைக் கீழே அழுத்தி முன்சக்கரத்தைத் தூக்கி வைத்து, பிறகு பின்சக்கரத்தை ஏற்றுங்கள். இறங்கும்போது நீங்கள் முதலில் திரும்பி இறங்கி, பின்சக்கரத்தை முன்னதாக இறக்குங்கள்.

மூன்று சக்கர வண்டி திரும்புவது எளிது. ஆனால் பக்கவாட்டில் சாயும் வாய்ப்பு சற்று அதிகம். எதுவானாலும் பின்சக்கரங்களுக்கு இடையே அகலம் இருக்கட்டும். அதே சமயம் உங்கள் லிஃப்ட் கதவை அளந்துகொண்டு கடைக்குப் போங்கள்.

கவிழும் கணக்கு

இப்போது அந்த மார்கழி மாலைக்கு வருகிறேன். எங்கள் வண்டி 7 கிலோ, பேரன் 8 கிலோ, மொத்தம் 15. குழந்தை நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும்போது மொத்தப் பாரத்தின் மையம் பின் அச்சுக்கு 24 செ.மீ. முன்னால் இருந்தது. கைப்பிடி பின் அச்சுக்கு 30 செ.மீ. பின்னால். பின் அச்சுதான் இங்கே நெம்புகோலின் தாங்குபுள்ளி. பதினைந்தை இருபத்து நாலால் பெருக்கி, முப்பதால் வகுத்தால் 12. அதாவது கைப்பிடியில் 12 கிலோ மாட்டினால்தான் கவிழும்.

சாய்மானத்தைப் பின்னால் சாய்த்ததும் குழந்தையின் பாரமும் பின்னால் போய்விட்டது. மையம் அச்சுக்கு 14 செ.மீ. முன்னால்தான். இப்போது கணக்குப் போட்டால் 7 கிலோ போதும். வீட்டில் நிறுத்துப் பார்த்தேன். நான் மாட்டிய பைகள் ஏழரை கிலோ. ஏழரை என்றால் நம்மவர்களுக்கு விளக்க வேண்டுமா!

இன்னும் ஒன்று பாருங்கள். குழந்தையை வண்டியிலிருந்து தூக்கிவிட்டால் வெறும் வண்டியைக் கவிழ்க்க மூன்றரை கிலோ போதும். கையில் பிள்ளையோடு நிற்கும் தாயின் காலில் அது விழும். அளவுகள் வண்டிக்கு வண்டி மாறும், விதி மாறாது. பைகளைக் கைப்பிடியில் மாட்டாதீர்கள். இருக்கைக்கு அடியில் உள்ள கூடையில், அதற்குக் குறிப்பிட்ட எடைக்குள், வையுங்கள். மீதியை உங்கள் தோளில் போட்டுக்கொள்ளுங்கள்.

பெல்ட் ஐந்து முனை கொண்டதாக இருக்கட்டும்: இரண்டு தோள், இரண்டு இடுப்பு, ஒன்று கால்களுக்கு நடுவே. வெறும் இடுப்புப் பெல்ட் போட்ட குழந்தை எழுந்து நிற்கும், அல்லது கீழே வழுகும். "இங்கேதானே, பத்தடி" என்று சொல்லிப் போடாமல் விடாதீர்கள். எங்கள் வண்டி விழுந்ததும் நின்றிருந்த இடத்தில்தான்.

சரிவும் பிரேக்கும்

1925-ல் வெளிவந்த ஐசன்ஸ்டைனின் 'போர்க்கப்பல் பொட்டெம்கின்' படத்தில், ஒடெஸ்ஸா படிக்கட்டில் தாயின் கைவிட்டு உருண்டு செல்லும் பிராமைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். அதற்குப் படிக்கட்டே வேண்டாம். ஒரு சாதாரணச் சாய்தளம் போதும். சக்கர நாற்காலிக்காக அமைக்கும் சாய்தளம் 12 அடிக்கு ஒரு அடி உயரும். அதில் பிரேக் போடாத வண்டி, உராய்வைக் கணக்கில் சேர்க்காவிட்டால், மூன்றரை விநாடியில் 5 மீட்டர் ஓடி மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தை எட்டும். உராய்வு கொஞ்சம் குறைக்கும். ஆனாலும் ஓடிப் பிடிப்பதற்குள் சாலை வந்துவிடும். ரயில் நடைமேடையின் கோடிச் சரிவு ஆறுக்கு ஒன்று. இதைவிட இருமடங்கு செங்குத்து. அதில் குழந்தை உள்ள வண்டியைத் தனியாக இறக்க வேண்டாம்.

ரயில்வேயில் ஒரு பெட்டியை நிறுத்தி வைத்தால் கைப்பிரேக் மட்டும் போட்டுவிட்டுப் போய்விட மாட்டோம். சக்கரத்துக்கு மரக்கட்டையும் கொடுப்போம், சங்கிலியும் போடுவோம். அதே புத்திதான் இங்கேயும் வேண்டும். நின்றால் பிரேக், பிரேக் போட்ட பிறகு ஒரு முறை தள்ளிப் பார்ப்பது, சரிவில் வண்டியைக் குறுக்காக நிறுத்துவது, சாலையோரத்திலும் நடைமேடையிலும் கையை எடுக்காமல் இருப்பது. ஒரே மிதியில் இரண்டு பின்சக்கரமும் பூட்டிக்கொள்ளும் வண்டி நல்லது. தனித்தனி மிதியானால் ஒன்றை மறந்துவிடுவோம்.

மெட்ரோ நிலையத்தில் லிஃப்ட்டையே பயன்படுத்துங்கள். எஸ்கலேட்டரில் வண்டியை ஏற்றவே கூடாது.

மடிப்பில் உள்ள ஆபத்து

மடங்கும் வண்டியில் இரண்டு பூட்டுகள் இருக்க வேண்டும். ஒன்று தானாக அவிழ்ந்தாலும் மற்றது தாங்கும். விரித்ததும் இரண்டும் 'டக்' என்று விழுந்தனவா என்று பார்த்த பிறகே பிள்ளையை வையுங்கள். மடக்கும்போதும் விரிக்கும்போதும் குழந்தை அருகில் நிற்கக்கூடாது. 2009-ல் அமெரிக்காவில் ஏறக்குறைய 10 லட்சம் மடக்கு வண்டிகளைத் திரும்ப அழைத்து, கீல்களுக்கு உறை கொடுக்க நேர்ந்தது. காரணம், விரிக்கும்போது கீலில் சிக்கிச் சில குழந்தைகளின் விரல் நுனி துண்டானதுதான்.

வெயிலும் புகையும்

தில்லி வெயிலில் வண்டியின் கூரைமேல் துப்பட்டாவைப் போட்டு மூடுவது நம் பெண்களின் வழக்கம். காய்ந்த துணியால் சுற்றிலும் மூடினால் உள்ளே காற்றோட்டம் நின்று சூடு ஏறும். குழந்தையின் முகமும் கண்ணுக்குத் தெரியாது. கூரை நீளமாக உள்ள வண்டியை வாங்குங்கள், பக்கங்கள் திறந்திருக்கட்டும். பிளாஸ்டிக் மழை உறையை மழை நின்றதும் எடுத்துவிடுங்கள். மே, ஜூனில் காலை எட்டு மணிக்குள் உலாவை முடித்துக்கொள்வதே உத்தமம்.

புகை விஷயம் இன்னும் முக்கியம். இங்கிலாந்தின் சரே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-ல் ஒன்றைச் சுட்டிக்காட்டினார்கள். வாகனப் புகை தரையிலிருந்து முதல் ஒரு மீட்டருக்குள் அதிகம். வண்டியில் உள்ள குழந்தை மூச்சு விடுவது 55 முதல் 85 செ.மீ. உயரத்தில். எனவே பெரியவர்களைவிட 60 சதவிகிதம் வரை அதிக மாசு அதற்குள் போகக்கூடும். ஆகவே உயரமான இருக்கையுள்ள வண்டி மேல். சிக்னலில் வண்டியை முன்னால் நீட்டிக்கொண்டு நிற்காமல் நாலடி பின்னால் நில்லுங்கள். கார்த்திகை, மார்கழியில் புகைமூட்டம் மண்டிய நாட்களில் வீட்டிலேயே இருங்கள்.

எந்த வீட்டுக்கு எது?

லிஃப்ட் உள்ள வீடு, உள்ளேயே நல்ல பாதை, பச்சைக் குழந்தை: பிராம் பொருந்தும். ஆனால் ஆறேழு மாதத்தில் அது சிறிதாகிவிடும். புதிதாக வாங்குவதைவிட, தெரிந்தவர்களிடம் இரவல் வாங்குவது புத்திசாலித்தனம்.

லிஃப்ட் இல்லாத நாலுமாடி அரசு ஃபிளாட்: பிராம் வேண்டவே வேண்டாம். 6 கிலோ பிள்ளையையும் 12 கிலோ வண்டியையும் ஒருத்தி தினமும் ஏற்றி இறக்க மாட்டாள். நாலாம் நாள் வெளியே போவதையே நிறுத்திவிடுவாள். முதல் ஆறு மாதம் தோளில் கட்டும் துணியோ பையோ போதும். பிறகு 7 கிலோ அளவில், ஒரே கையால் மடங்கும் புஷ்சேர். படியில் முதலில் பிள்ளை, பிறகு வண்டி. குழந்தையை உள்ளே வைத்தே இருவர் பிடித்து இறக்கும் வழக்கம் வேண்டாம்.

ஆண்டுக்கு இரண்டு முறை ரயிலில் ஊருக்குப் போகும் குடும்பம், ஆட்டோ, மெட்ரோ: குழந்தை நன்றாக உட்காரத் தொடங்கியபின் பக்கி. மடித்தால் கீழ் பெர்த்தின் அடியில் போக வேண்டும், அளந்து வாங்குங்கள்.

ஒரே ஒரு வண்டிதான் வாங்க முடியும் என்றால், நன்றாகச் சாயக்கூடிய, 18 செ.மீ.க்குக் குறையாத சக்கரமுள்ள புஷ்சேரே என் சிபாரிசு.

வாங்கும் முன் ஆறு சோதனைகள்

1. ஈ.என். 1888 அல்லது அமெரிக்கத் தரமான ஏ.எஸ்.டி.எம். எஃப் 833 என்ற குறிப்பும், தாங்கும் எடையும் ஒட்டியிருக்கிறதா?

2. 10 கிலோ அரிசி மூட்டையை இருக்கையில் வைத்து, பெல்ட் போட்டு, ஒரு கையால் நேராகத் தள்ள முடிகிறதா?

3. அதே பாரத்தோடு சரிவில் பிரேக் பிடிக்கிறதா?

4. வீட்டில் யார் தினமும் தள்ளப்போகிறாரோ, அவரே மடக்கித் தூக்கிப் பார்க்கட்டும். நான் தூக்கிப் பார்த்துப் பயனில்லை.

5. கைப்பிடி அவருடைய இடுப்புக்குச் சற்று மேலே வருகிறதா?

6. துணியைக் கழற்றித் துவைக்கலாமா? (பருப்பு சாதம் சாப்பிடும் பிள்ளைகளுக்கு இது பெரிய விஷயம்.)

தபாலில் வரவழைத்தால், திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் இந்தச் சோதனைகளைச் செய்துவிடுங்கள். பழைய வண்டியை வாங்கினால் இவற்றோடு ரிவெட்டுகள், பெல்ட் தையல், பூட்டுகள், சக்கர ஆட்டம் நான்கையும் பாருங்கள். பெல்ட்டோ பிரேக்கோ கெட்டிருந்தால் இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

முடிவாக ஒரு வேண்டுகோள். ஒரு வண்டி ஒரு பிள்ளைக்கு இரண்டு, மூன்று ஆண்டுகள்தான் தேவை. நம் சங்கத்துக் குடும்பங்களின் பால்கனிகளில் எத்தனை நல்ல வண்டிகள் தூங்குகின்றன! புதிதாக இந்த ஊருக்கு வந்து, கைக்குழந்தையோடு நாலு சுவருக்குள் இருக்கும் ஒரு பெண்ணுக்கு அவற்றில் ஒன்று போய்ச் சேரட்டும். எங்கள் வண்டி, பேரன் நடக்கத் தொடங்கியபின், கீழ்வீட்டுக்கு வந்த திருநெல்வேலிப் பெண்ணிடம் போயிற்று. கொடுக்கும் முன் பிரேக்குக்கு எண்ணெய் தடவாமல் துடைத்து, திருகுகளை முடுக்கி, கைப்பிடியில் ஒரு சீட்டையும் ஒட்டிக் கொடுத்தேன்: "இங்கே பை மாட்டக்கூடாது."

இப்போது தினமும் மாலை ஐந்து மணிக்கு அந்த வண்டியின் சத்தம் எங்கள் வாசலைத் தாண்டிப் பூங்காவுக்குப் போகிறது. என் மனைவியும் செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே கிளம்பிவிடுகிறாள்.